சோபாவின் நடு இடம்

வாயாடிக்கு,

முதல் பஸ்ஸை இன்று நான்தான் ஓட்ட வேண்டும், கிளம்பிவிட்டேன். முட்டை வேகவைத்து மூடி வைத்திருக்கிறேன். சாவி செருப்பு அலமாரி மேல்.

பதினோரு மணிக்கு ஸ்பீக்கர் கடைக்காரர் வருவார். ஒரு வாரம் கேட்டுப் பார்க்கத் தந்த இரண்டு செட்டில் ஒன்றைத் திருப்பி எடுத்துக்கொள்வார்.

பாட்டுக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டியே போதும் என்று நேற்று நான் அடம்பிடித்தேன். படத்தில் பேசுவது புரிய நடுவிலும் ஒரு பெட்டி வேண்டும் என்றாய் நீ. "உங்ககிட்ட சொல்றது செவிடன் காதுல ஊதின சங்குதான்" என்று கதவைச் சாத்திக்கொண்டாய்.

விடியுமுன் என் இரண்டு பெட்டியையும் சத்தம் குறைத்து வைத்துக் கேட்டேன். சோபாவின் நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடினால், பாடுகிறவள் ஜன்னல் திரைக்கு முன்னால், ஒன்றுமே இல்லாத இடத்தில், வந்து நிற்கிறாள். மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது. உன்னை எழுப்பிக் காட்ட ஆசை. அதற்குமுன் நீ உட்காரும் ஓரத்துக்கு நகர்ந்து பார்த்தேன். அவள் சட்டென்று பக்கத்துப் பெட்டிக்குள் புகுந்துகொண்டாள்.

ஒரு வாரமாக நடுவில் உட்கார்ந்திருந்தது நான்.

இரண்டு பெட்டி செட்டைக் கொடுத்துவிடு. நடுப்பெட்டி இருந்தால் ஓரத்திலும் குரல் நடுவிலிருந்தே வருகிறது, அதையும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

பி.கு.: கொடுக்குமுன் ஒரு பாட்டு போட்டு, நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள். அவள் வருவாள். நீயும் ஒருதடவை பார்த்துவிடு.

இன்னொன்று: சங்கு கேட்டுவிட்டது.