நீலக் காருக்கு நீங்கள் பயப்படவில்லை

சித்தி,

இன்று தேவாலயத்தில் பூசை முடிந்து அம்மாவோடு கால்சா கடற்கரைப் பக்கம் நடந்து வந்தபோது, எரிந்தும் எரியாத பெற்றோல் மணம் மூக்கில் அடித்தது. திரும்பிப் பார்க்க முன்பே என்னவென்று தெரிந்துவிட்டது. பழைய அமெரிக்கக் கார்கள் வைத்திருப்பவர்கள் அவற்றைப் புல்வெளி ஓரமாக வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். வயதான ஆண்கள் ஒருவர் காரின் முன்மூடியை இன்னொருவர் திறந்து, உள்ளே குனிந்து மணந்துகூடப் பார்த்தார்கள். ஐந்தாவதாக நின்றது உங்கள் நீலக் கார்.

உங்களுடையது அல்ல, நொன்னோவுடையது. இத்தாலியனில் தாத்தா என்று பொருள். நீங்கள் வேலை செய்த வீட்டு முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவீர்கள். போர்கோ வெக்கியோவில் அவர் வீட்டு முற்றத்துக் கராஜில் அந்தக் கார் நின்றது. வீட்டைக் கூட்டித் துடைப்பதுதான் உங்கள் வேலை என்றாலும், வியாழக்கிழமைகளில் காரையும் நீங்களே துடைத்தீர்கள். பள்ளி விட்டு வந்து, அம்மா வரும்வரை நான் அங்கே கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து புத்தகம் வாசிப்பேன். நீங்கள் வாசிக்க விடமாட்டீர்கள்.

"பார் பிள்ளை, மூஞ்சி நீளம், பின்பக்கம் கட்டை. நிக்கேக்கையே ஓடுற மாதிரியெல்லே நிக்குது."

பின்சக்கரத்துக்கு மேலே தகடு இடுப்புப் போல ஒடுங்கிப் புடைக்கும் இடத்துக்கு வந்ததும் உங்கள் கை மெதுவாகும். "இந்த வளைவைக் கீறினவன் நல்லா ரசிச்சுத்தான் கீறியிருக்கிறான்" என்பீர்கள். வரைவதற்கும் உங்களுக்கு அந்தச் சொல்தான். பிறகு வாசலைப் பார்த்துச் சிரிப்பீர்கள். "ஆனா இதை இந்தத் தெருவிலை திருப்ப இன்னொரு தெரு வேணும்."

அதை நான் இத்தாலியனில் சொன்னபோது நொன்னோ முன்மூடியில் தட்டித் தட்டிச் சிரித்தார். உங்கள் இத்தாலியன் தரை, சவர்க்காரம், நாளைக்கு வாறன் என்ற அளவில் நின்றது. அவர் பாதி சிசிலியனில் வேகமாகக் கதைப்பார். இருவருக்கும் நடுவில் நான்தான் வாய்.

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, ஒரு வியாழக்கிழமை அவர் சாவியோடு வந்தார். "உன் சித்தியிடம் கேள். இந்தக் காரை என்னைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். முற்றத்துக்குள்ளேயே வாசல் வரைக்கும் ஒருதரம் ஓட்டிப் பார்க்கிறாளா?"

நீங்கள் துணியும் கையுமாக என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "என்னவாம்?"

"புதுச் சாவி வெட்டினவராம், காட்டுறார்" என்றேன்.

"ஓ, வடிவாயிருக்கு" என்றீர்கள்.

அவரிடம் வேண்டாமாம் என்றேன். ஏன் என்று கேட்டார். "பவுரா" என்றேன், பயமாம் என்று. மன்னாரில் பத்து வருடம் மீன் ஏற்றும் கூலர் வாகனம் ஓட்டிய உங்களுக்கு.

நொன்னோ இரக்கமுள்ளவர். அடுத்த வியாழன் கார் துடைக்க வேறு ஆள் வைத்தார். "பயப்படுகிறவளை ஏன் வருத்த வேண்டும்" என்று என்னிடம் மெல்லச் சொன்னார். அதையும் நான் உங்களுக்குச் சொல்லவில்லை. பூட்டிய கராஜைப் பார்த்தபடி நீங்கள் வீட்டு வேலையை முடித்தீர்கள். பஸ் தரிப்பில் கேட்டீர்கள்:

"நான் எங்கையும் காரைக் கீறிப்போட்டனோ? ஒருக்கால் அவரிட்டைக் கேளன்."

"ஓம் சித்தி, கேக்கிறன்."

மூன்று வாரம் அதையே கேட்டீர்கள். நான் மூன்று வாரமும் மறந்துபோனேன் என்றேன். நாலாவது வாரம் நீங்கள் கேட்கவில்லை. கையில் கிடந்த ஒற்றை வளையலைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போனீர்கள். அது பட்டுத்தான் கீறியிருக்கும் என்று நினைத்தீர்களோ என்று நான் கேட்கவில்லை. அந்த மாரிகாலம் நோய் வந்தது. ஆஸ்பத்திரியிலும், பிறகு பெட்டிக்குள்ளும் உங்கள் கை வெறுமையாகத்தான் இருந்தது.

இன்று நொன்னோ என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் நின்ற நண்பரிடம் சொன்னார்: "இவளுடைய சித்தி துடைத்த மாதிரி இந்தக் காரை யாரும் துடைத்ததில்லை. பாவம், காருக்குப் பயம்."

"பயம் இல்லை" என்றேன். "நீங்கள் கேட்டதை நான் அவவிடம் சொல்லவே இல்லை. பயம் என்றது என் பொய்."

அவர் காரிலிருந்து கையை எடுத்தார். நான் நிறுத்தினால் பிறகு கேட்கவே மாட்டேன் என்று தெரிந்து, உடனே கேட்டேன்: சித்தி எங்காவது கீறியிருந்தாவா?

"கீறலா? ஒரு மயிரளவுகூட இல்லை. அவள் துடைத்த கதவைப் பார்த்து நான் முகச்சவரம் செய்திருக்கலாம்."

அவர் சொன்னது இவ்வளவுதான் சித்தி. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

பிறகு, "ஏன் அப்படிச் சொன்னாய்?" என்றார். சின்னப்பிள்ளையாக இருந்தேன் என்றேன். அவர் என் தோளில் தட்டினார்.

அதுவும் பொய். அன்று வாசற்கதவு திறந்திருந்தது. எதிரே பாண் சுடும் கடையில் என் வகுப்பு ஜூலியா தாயோடு நின்றாள். நீங்கள் வேலை மேலாடையும் ரப்பர் செருப்புமாக நின்றீர்கள். ஓட்டச் சொன்னால், "ஏறு பிள்ளை" என்று என்னைத்தான் முதலில் கூப்பிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குப் பக்கத்தில் நான் இருப்பதை ஜூலியா பார்ப்பது எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போகும் எங்கள் ஆட்கள் மொழிபெயர்க்க என்னைத்தான் கூட்டிக்கொண்டு போகிறார்கள். போன கிழமையும் ஒரு அன்ரி வெளியே வந்து அம்மாவிடம் சொன்னா: "கெட்டிக்காரி உங்கடை பிள்ளை. ஒரு சொல்லும் விடாமல் சொல்லுறாள்."

அம்மா சிரித்தார். நான் பைக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.