முதல் ஓலை

சித்திரபுரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜிஸ்மிக்கு அப்பா எழுதுவது. தேவமாதா தயவில் நாங்கள் இருவரும் சுகம். மூன்று மாதமாக நீ போனை எடுக்காததால் கடிதம் எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. குளிரும் விடவில்லை. அமெரிக்காவில் உனக்கு இன்னும் நைட் டியூட்டிதானா?

நீ டோமினிக்கைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்ன அன்று, அங்கே இருக்கிற இத்தாலிக்காரர்கள் காலையில் பூசை கண்டுவிட்டு மாலையில் ஆளைத் தீர்த்துக்கட்டுகிறவர்கள் என்று கத்தினேன். அவன் அப்பா எத்தனை பேரைக் கொன்றிருக்கிறார் என்றும் கேட்டேன். அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர் என்று நீ அழுதுகொண்டே சொன்னாய். நான் காதில் வாங்கவில்லை. நான் பார்த்த இத்தாலிக்காரர்கள் எல்லாம் டிவியில் பார்த்தவர்கள்தான். உன் கல்யாண ஓலையை நம் கோயிலில் மூன்று ஞாயிறு பூசையில் வாசிக்காமல் அங்கே கல்யாணம் நடக்காது என்று தெரிந்தே, வாசிக்க வேண்டாம் என்று சாமியாரிடம் சொல்லி வைத்தேன்.

போன வாரம் இங்கே ஒரு மலையாளப் படத்தின் ஷூட்டிங். தமிழ் ரவுடிகளாக நிற்க ஆள் வேண்டும் என்று, ஜீப் ஓட்டும் பிஜு என்னையும் கூட்டிப் போனான். முகத்தில் கரி பூசி, கையில் அரிவாளைக் கொடுத்தார்கள். மலையாளத்தில் ஒரு வசனமும் கிடைத்தது. முப்பது வருஷம் கேரள மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து, ஆபீஸ் ரிஜிஸ்டரை மலையாளத்திலேயே எழுதியவன் நான். சுத்தமாகச் சொன்னேன். டைரக்டர் நிறுத்திவிட்டார். இவ்வளவு நன்றாகப் பேசினால் தமிழன் என்று யார் நம்புவார்கள், கொஞ்சம் உளறிப் பேசுங்கள் சேட்டா என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நானும் உளறினேன். எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டில் கரியைக் கழுவும்போது உன் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது, மகளே. மறுநாளே போய் ஓலையை வாசிக்கச் சொன்னேன்.

இன்று முதல் ஓலை வாசித்தார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றபோது, பாதிக் கோயில் திரும்பி என்னைப் பார்த்தது. எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கிறது.

படம் ஓணத்துக்கு வருமாம். டோமினிக்கின் அப்பா அதைப் பார்த்துவிட்டு, அரிவாளோடு நிற்பது யார் என்று கேட்டால், என் அப்பாதான், ஆனால் அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல். நீ சொன்னதை நான்தான் நம்பவில்லை. அவர் நம்புவார்.

உங்கள் இருவரையும் ஆண்டவர் காக்கட்டும். ஒரே ஒருமுறை போனை எடு.

அப்பா
வேதமுத்து