பவளத்துக்கு இனிப் பொங்கல் இல்லை

11 ஜூன் 2025, புதன்

கொழும்பு பாமன்கடையில் மாடு வளர்க்கிற ஒரே பைத்தியம் நான்தான் என்று தம்பி கஜீவன் சொல்வான். இன்றைக்கு இந்தப் பைத்தியத்துக்கு நல்ல சோதனை. காலையில் என் பசு பவளம் எழும்பவே மாட்டேன் என்றது. தட்டி எழுப்பினால் வலது பின்னங்காலை ஊன்றாமல் நிற்கிறது. குளம்பிடுக்கில் ஆணியோ கண்ணாடித்துண்டோ ஏறிவிட்டதாக்கும் என்று டோர்ச் அடித்துத் தேடினேன். ஒன்றுமில்லை. தொட்டால் குளம்பு சுடுகிறது. பாலும் பாதியாகிவிட்டது.

12 ஜூன்

கஜீவன் வத்தளையிலிருந்து போன் எடுத்தான். "அக்கா, நொண்டி மாட்டை வைச்சு என்ன செய்யப்போறியள்? ஆரும் கேட்டால் குடுத்துவிடுங்கோ." கேட்கிறவன் எதற்குக் கேட்பான்? அறுக்கத்தானே! நான் உயிரோட இருக்குமட்டும் அது நடவாது. போனை வைத்துவிட்டேன்.

13 ஜூன், வெள்ளி

மிருக வைத்தியர் டொக்டர் நஸீறா வந்தார். காலைக் கயிற்றில் தூக்கிக் கட்டி, குளம்பின் அடிப்பக்கத்தை மெல்ல மெல்லச் சீவினார். உள்ளே இரத்தம் கட்டிய சிவப்பு. இரண்டாகப் பிரிந்த குளம்பில் ஒரு பாதியில் புண்.

"ஆணி ஒண்டும் இல்ல, ஆன்ட்டி. புல்லத் தவிர இதுக்கு என்ன தின்னக் குடுக்கிறீங்க?"

பெருமையாகத்தான் சொன்னேன். பக்கத்து மாடி பிளாற் சனம் முழுக்கப் பவளத்தைத் தேடித்தான் வரும். வெள்ளியென்றால் பொங்கல். பிறந்தநாள், திவசம் என்றால் சோறு, வாழைப்பழம்.

"அதுதான். சோறும் சக்கரையும் ஒரேயடியாப் போனா வயித்துல புளிச்சிப் போகும். அந்த வருத்தம் கால்லதான் காட்டும்."

புண்ணியம் என்று நினைத்தல்லவா ஊட்டினோம்!

நோவுக்கு ஊசி போட்டார். பிறகு, நல்ல பாதியின் கீழே ஒரு சின்ன மரக்கட்டையை ஒட்டினார். பாரம் முழுக்க அதில் இறங்குமாம், புண்பட்ட பாதி தரையில் படாமல் ஆறுமாம். என்ன மூளை! கொட்டில் ஈரமில்லாமல் இருக்க வேண்டும், வைக்கோலைத் தடிப்பாகப் போட வேண்டும், இனிமேல் குளம்பை வளரவிடாமல் நேரத்துக்குச் சீவுவிக்க வேண்டும். சோறு ஒரு பிடிகூடக் கூடாது. இந்த டொக்டர்ப் பிள்ளை நல்லாயிருக்க வேண்டும்.

அவர் போன கையோடு அந்த பிளாற் நமசிவாயம் ஐயா கேற்றடியில். கையில் அதே தூக்குச்சட்டி. மனைவி இறந்தபின், வெள்ளிதோறும் தன் கையால் பொங்கி, அந்த மனுசியின் பெயரில் பவளத்துக்கு ஊட்டுகிறவர். எப்படிச் சொல்வது? "மாடு படுத்திருக்குது ஐயா, பிறகு குடுக்கிறன்" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். பச்சைப் பொய்.

20 ஜூன், வெள்ளி

இன்றைக்குச் சொல்லிவிட்டேன். ஐயா தூக்குச்சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப, அவவின்ரை பேரிலை நான் குடுத்ததுதான் இந்த வாயில்லாச் சீவனை நொண்டியாக்கினதோ, பிள்ளை?"

"ஐயோ, நீங்கள் மட்டுமோ? எல்லாரும்தான் குடுத்தது. வாங்கி ஊட்டினது நான்."

பொங்கலோடு திரும்பிப் போய்விட்டார். மாட்டைக் காப்பாற்றப் போய் மனிசனை முறிச்சுப் போட்டனோ?

25 ஜூன், அமாவாசை

சோற்றோடு சனம் வரும், எல்லாருடைய முகத்தையும் முறிக்க வேண்டும் என்று பயந்துகொண்டிருந்தேன். வழக்கமாக வருகிறவர்கள் எல்லாரும் வந்தார்கள். ஆனால் கையில் அகத்திக்கீரை! வெள்ளவத்தைச் சந்தையில் இன்றைக்கு ஒரு பிடி மிஞ்சியிருக்காது. ஒருவரும் சோறு கொண்டுவரவில்லை. இரண்டாம் மாடி ரூபிகாதான் விசயத்தைச் சொன்னாள்: "நமசிவாயம் ஐயா வீடு வீடாத் தட்டிச் சொன்னவர், அன்ரி."

முழங்கால் நோவோடு அத்தனை படியும் ஏறியிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் அவர் மட்டும் வரவில்லை.

2 ஜூலை

பவளம் காலை ஊன்றுகிறது. நன்றி, நன்றி, நன்றி.

4 ஜூலை, வெள்ளி

பால் கூடியிருக்கிறது. ஐயா இன்றைக்கும் வரவில்லை. பல்கனியில் நின்று கொட்டிலைப் பார்ப்பது தெரிகிறது. கை காட்டினேன். உள்ளே போய்விட்டார்.

18 ஜூலை, வெள்ளி

டொக்டர் வந்து கட்டையைக் கழற்றினார். புண் ஆறிவிட்டது. பவளம் பூப்போல நடக்கிறது. நானே ஐயா வீட்டுக்குப் படியேறிப் போய், "வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டேன். பதிலுக்கு நிற்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

பின்னேரம் கேற்றடியில் அவருடைய இருமல் கேட்டது. அந்த இருமலுக்கே பவளம் கொட்டிலிலிருந்து எழும்பி, நாலு காலையும் ஊன்றி நேரே கேற்றுக்குப் போனது. ஐயா அதன் நெற்றியைத் தடவிக்கொண்டு கனநேரம் நின்றார். அகத்திக்கீரையை ஊட்டினார். மற்றக் கையில் தூக்குச்சட்டி.

"பயப்பிடாதை பிள்ளை, இது எங்களுக்கு. அவ போனதுக்குப் பிறகு நான் பொங்கலை வாயிலை வைக்கேல்லை."

கொட்டில் வாசலில் உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிட்டோம். சர்க்கரை கொஞ்சம் கூடிவிட்டது. நான் சொல்லவில்லை. பவளம் தலையை நீட்டி மணந்து மணந்து பார்த்தது. நாங்கள் குடுக்கவில்லை.