நீர் நின்று கேளாத பாட்டு

உம்முடைய ஹெல்மெற்றை இன்று காலை வெயிலில் காயவைக்க எடுத்தேன். உள்ளே இருக்கும் பஞ்சில், நீர் உம்முடைய தலைக்குக் காய்ச்சிப் பூசிய வெந்தய எண்ணெயின் மணம் இன்னும் போகவில்லை. காயவைத்தால் அதுவும் போய்விடும். திரும்பவும் அலுமாரிக்குள் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அதைப் போட்டுக்கொண்டு என் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து வருவீர். உரும்பிராயிலிருந்து மருதனார்மடம் தாண்டி, உம்முடைய ஆட்களின் சின்ன ஜெபக்கூடத்துக்கு. உம்மைக் கலியாணம் கட்டியும் நான் சைவக்காரன்தான், வாசலோடு சரி.

"உள்ளுக்கு வந்து இருங்கோவன். பிரசங்கம் ஒண்டும் இல்லை. பாடுறதும் கதையாமல் இருக்கிறதும்தான்" என்பீர்.

"கதையாமல் இருக்கிறதுக்கு இவ்வளவு தூரம் வரவேணுமே? அதை வீட்டிலை செய்யலாம்தானே" என்று பகிடி விடுவேன். நீர் சிரித்துக்கொண்டு உள்ளே போவீர்.

எனக்கு ஒரு மணித்தியாலம் பொறுக்க முடியாது. எங்கள் தோட்டக் கிணறு பங்குக் கிணறு. சில சனிக்கிழமைகளில் பின்னேரம் தண்ணீர் இறைக்கும் முறை எங்களுக்கு வரும். பிந்திப் போனால் அடுத்த பங்குக்காரர் மெசினைப் போட்டுவிடுவார், எங்கள் வெங்காயம் வாடும். அதனால் வாசலில் நின்று ஹோன் அடிப்பேன். நீரும் செருப்பைக் கொழுவிக்கொண்டு ஓடி வருவீர். ஆனால் உண்மையைச் சொன்னால், இறைப்பு ஒரு சாட்டு. முறை இல்லாத சனிக்கிழமைகளிலும் அடித்தேன்.

எங்கள் கோயில் திருவிழாக்களில் எனக்காக எத்தனை மணித்தியாலம் மணலில் இருந்தீர்! பூசை எவ்வளவு பிந்தினாலும் "போவம்" என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதை நினைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நீர் கண்ணை மூடிய பிறகு, போன மாதம்தான் முதன்முதலாக உள்ளே போனேன். பாயில், சுவரோடு சாய்ந்து இருந்தேன். முன்னால் சில மெழுகுதிரிகள் எரிந்தன. "இருட்டிலும் நீர் அருகில் இருக்கிறீர்" என்ற ஒரே வரியை மெல்லிய குரலில் திரும்பத் திரும்பப் பாடினார்கள். கடவுளைத்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று தெரியும். எனக்கு உம்மைத்தான் நினைவு வந்தது. பிறகு பாட்டு நின்றது. விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு ஓட்டோக்காரன் ஹோன் அடித்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடம் வெளியில் நின்று அடித்தவனுக்கு உள்ளே அது எப்படிக் கேட்கும் என்று தெரியவே இல்லை.

அமைதி முடிந்து இன்னொரு பாட்டுப் பாடினார்கள். ஒருவர் மெழுகுதிரியிலிருந்து மற்றவர் கொளுத்திக்கொண்டார். எல்லாம் முடிந்து வெளியே வரும்போது உம்மோடு படிப்பித்த ரீச்சர் பக்கத்தில் வந்தார்.

"கடைசிப் பாட்டு நல்லாயிருந்தது" என்றேன்.

"ஓம். ஆனால் அவ ஒருநாளும் அதுக்கு நிண்டதில்லை. உங்கடை ஹோன் கேட்டால் உடனை எழும்பிடுவா."

"எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"அவ சொல்ல விடேல்லை. 'பாவம், அந்த மனுசன் இறைப்புக்குப் போகவேணும்' எண்டுவா."

ரீச்சர் குத்திக்காட்டவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டே தெருமுனை வரை நடந்தேன். இறைப்பு முறை எந்தச் சனி வரும், எந்தச் சனி வராது என்று உமக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் அப்படிச் சொல்லியிருக்கிறீர். இப்போது மன்னிப்புக் கேட்டாலும் "விடுங்கோ" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவீர். அதுதான் எனக்குப் பெரிய அந்தரம்.

இந்த மாதமும் போனேன். கடைசிவரை இருந்தேன். அந்தப் பாட்டு இப்போது எனக்குப் பாடம். வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டும்போது வாய் தானாக முணுமுணுக்கிறது. உமக்கு உரிய பாட்டு என் வாயில் கிடக்கிறது. அதை உம்மிடம் கொண்டுவந்து சேர்க்க எனக்கு வழி தெரியவில்லை.