அளக்க விடாத மழை

சங்கரன்கோவில்,
புதன்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டிவலி குறைந்ததா? எனக்குக் கோபத்தைத் தவிர வேறு நோய் எதுவும் இல்லை.

என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலை வெட்டி, ஸ்கேல் ஒட்டி, மழைமானி செய்திருந்தார்கள். மூன்று வாரமாகத் தினமும் காலையில் அளந்து நோட்டில் எழுதினார்கள். திங்கள் சாயங்காலம் நல்ல மழை. நேற்று காலையில் அவர்கள் அளப்பதற்குள், கல்வி அதிகாரி வருகிறார் என்று தலைமை ஆசிரியர் அந்த மழைமானியைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டார். "தண்ணி தேங்குனா கொசு வரும்லா டீச்சர்" என்று எனக்கே பாடம் நடத்தினார். அந்த இடத்தில் கடையில் வாங்கிய தெர்மோகோல் மழைமானி மாதிரியை வைத்தார். அதிகாரி அதனோடு போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அந்தப் போட்டோவில் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

பிறகு என் வகுப்பு அபிதா நோட்டோடு வந்தாள். "டீச்சர், நேத்து பெஞ்ச மழைய எவ்வளவுன்னு எழுத?"

 அவளே எழுதிவிட்டாள்: "மழை பெய்தது. அளக்க விடவில்லை."

புளிக்காய்ச்சல் செய்து கண்ணாடி பாட்டிலில் அனுப்பு. தனியாகத்தான் சாப்பிடுகிறேன், காலியாக இரண்டு வாரமாகும். கழுவி, ஸ்கேல் ஒட்டி, பள்ளி முற்றத்தில் வைப்பேன். யார் எடுக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

மணி அடித்துவிட்டது.

உன் மகள்,
செல்வராணி