மெடிக்கலுக்கு முந்தைய வாரம்

மாமு,

இன்று காலை ரெஸ்ட் ரூம் கதவைத் திறந்ததுமே பாகற்காய் வாடை மூக்கில் ஏறியது. பெஞ்சு மேல் வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள், எல்லாவற்றிலும் பச்சைச் சாறு. கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருடாந்திர மெடிக்கல் வந்துவிட்டது என்று நோட்டீஸ் போர்டைப் பார்த்தா தெரிந்துகொள்ள வேண்டும்? நீ போய்விட்டாய், அந்த வழக்கம் போகவில்லை. இது இரண்டாவது பேட்ச். என் மெடிக்கல் போன வாரமே முடிந்துவிட்டது. அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

வருடா வருடம் மெடிக்கலுக்கு முந்தைய அந்த ஒரு வாரம் நாம் எவ்வளவு நல்ல பிள்ளைகள்! சோறு கிடையாது, டீயில் சர்க்கரை கிடையாது. ஷிப்ட் முடிந்ததும் ராயபுரத்திலிருந்து காசிமேடு வரை நடை. நீ முன்னால் வேர்த்துக் கொட்டிக்கொண்டு போவாய், நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருவேன். ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் கால் நேராகப் பர்மா நூடுல்ஸ் விற்கும் அத்தோ கடைக்குப் போகும். ரிசல்ட் வருவதற்கு முன்பே "பாஸாயிட்டோம் மாமு" என்று இன்னொரு தட்டு கேட்பாய். அதோடு அடுத்த வருடம்வரை பாகற்காயை மறந்துவிடுவோம்.

எல்லாம் பயம்தான். சர்க்கரை என்று எழுதிவிட்டால் கிரேனிலிருந்து இறக்கித் தரை வேலைக்குத் தள்ளிவிடுவார்கள் என்று யார்டு முழுக்கப் பேச்சு. அப்படி இறக்கப்பட்டவர் யார் என்று கேட்டால் ஒருவருக்கும் பெயர் தெரியாது. ஆனாலும் நம்பினோம். உனக்கு அந்தக் கேபின்தான் உயிர். "மேல குந்திக்கினா கப்பலு, கடலு அல்லாம் நம்ம காலுக்குக் கீழ கீது" என்பாய். உன்னைத் தரையில் நிற்கவைத்துப் பார்க்க எனக்கும் மனம் வராது.

உன் நைனா இதே துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு அவருக்குச் சர்க்கரை வந்தது. நான் அதை ஞாபகப்படுத்தியபோது, "அவருக்கு வந்தா எனுக்கும் வரணும்னு எதனா சட்டம் கீதா?" என்று மடக்கினாய். சட்டம் இல்லைதான். ஆனால் நாளெல்லாம் மூட்டை சுமந்தவர் சாப்பிட்ட அதே குவியல் சோறு உன் தட்டிலும் விழுந்தது. நீயோ நாற்காலியில் உட்கார்ந்தபடி விரல் அசைவில் கன்டெய்னர் தூக்குகிறவன். வாரத்துக்கு வாரம் மாறும் ஷிப்ட், பாதித் தூக்கம், தூக்கத்தை விரட்ட இனிப்பான டீ, ஓ.டி. என்றால் முதல் ஆள். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போடும்போதெல்லாம் வசதி வந்துவிட்டது என்று தொப்பையைத் தட்டிச் சிரித்தாய். நானும் சிரித்தேன், என் தொப்பை ஒன்றும் சின்னதில்லை.

பிறகு அந்த ஷூ கடித்த புண். வலியே இல்லை என்று பெருமையாகக் காட்டினாய். வலிக்காததுதான் ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது புண் உள்ளே ஓடிவிட்டிருந்தது. சர்க்கரை பல வருடமாகவே இருந்திருக்கும் என்றார்கள். முதலில் விரலை எடுத்தார்கள், அப்புறம் பாதத்தை, கடைசியில் இதயமும் நின்றுவிட்டது. அடக்கம் முடிந்து வந்த அன்று அண்ணி அழவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஒரு வார்த்த சொல்லியிருந்தா சோத்தக் கொறச்சிருப்பேனே தம்பி. வருசா வருசம் பட்டினி கெடந்தப்போ மாதாவுக்கு ஒருசந்தி வெரதம்னு இல்ல சொன்னாரு?"

மாதா பேரிலுமா மாமு? உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. இன்னும் முழுதாகத் தீரவில்லை.

என் அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு, உனக்குத் தெரியும். அதனால் இந்த முறை பாகற்காயைத் தொடவில்லை. எப்போதும் சாப்பிடுவதையே சாப்பிட்டேன். முந்தின ராத்திரி மட்டும் அவர்கள் சொன்னபடி வெறும் வயிறு. கூட இருந்தவர்கள் எனக்கு மறை கழன்றுவிட்டது என்றார்கள். ரத்தம் கொடுக்கும்போது, மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் டெஸ்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி நானே கேட்டேன்.

அளவு எல்லைக்கு மேலே கொஞ்சம் ஏறியிருக்கிறது. டாக்டர் அம்மா சோற்றைக் குறைக்கச் சொன்னார், தினமும் நடக்கச் சொன்னார், ஷிப்ட் எதுவானாலும் தூக்கத்தைத் திருடக்கூடாது என்றார். நான் எழுந்திருக்கவில்லை. கிரேனில் ஏறலாமா என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "தாராளமா ஏறுங்க. இப்படி ஆரம்பத்துலயே வந்தா யாரையும் எறக்க வேண்டியதில்லையே" என்றார்.

காலையில் பாட்டில் வைத்திருந்தவர்களிடம் இதை அப்படியே சொன்னேன். இரண்டு பேர் சாற்றைக் கொட்டினார்கள், மற்றவர்கள் என்னை முறைத்தார்கள். விடமாட்டேன், நாளைக்கும் சொல்வேன். வீட்டில் சோறு பாதியாகிவிட்டது, நடை தினமும் நடக்கிறது. உன் கிரேனை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். உன் நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் ஒன்றே ஒன்றுதான் தோன்றுகிறது: நேரத்தோடு காட்டியிருந்தால் நீ இங்கிருந்து இறங்கியிருக்கவே வேண்டாம், மாமு.