பத்தொன்பது எம்எம் கண்ணாடி

மார்ச் 4, செவ்வாய்

மனைவியின் கட்டில் கம்பியில் என் சவரக் கண்ணாடியை மாட்டிக் கொடுத்தேன். மல்லாந்தே கிடப்பவளுக்கு இத்தனை நாளும் தெரிந்தது கூரையும் மின்விசிறியும்தான். இனி எதிர்ச் சுவராவது தெரியும். "கொஞ்சம் கீழ... இன்னும் கொஞ்சம்... போதும், போதும்" என்றாள். அப்படியே திருகாணியை முடுக்கிவிட்டேன். இனி அசையாது.

ஐந்து நிமிடம் பார்த்தாள். "நான் சுவரைப் பாத்தது போக, இப்ப சுவரு என்னைப் பாக்குது. அங்க ஒரு மீன் தொட்டி வைங்களேன்."

முப்பது வருடம் நீச்சல் சொல்லிக்கொடுத்தவள். முதுகெலும்பு கைவிட்டு ஏழு மாதம் ஆகிறது. இந்த ஏழு மாதத்தில் அவளாகக் கேட்டது இது ஒன்றுதான். சுவர் முழுக்க வைக்கிறேன் பார் என்றேன்.

மார்ச் 6, வியாழன்

கண்ணாடிக்காரரை வீட்டுக்கே வரவழைத்தேன். தொட்டியை வைக்க இரும்பு மேசை தயார். ஆறடி நீளம், இரண்டரை அடி உயரம் என்றேன். மனிதர் தலையைச் சொறிந்தார்.

"சார், நீளத்துக்கு நான் பயப்பட மாட்டேன். கண்ணாடியைத் தள்றது தண்ணியோட ஆழம்தான். ஒன்றரை அடின்னா பன்னெண்டு எம்எம் கனம் தாராளம். கடையிலேயே இருக்கு. பத்து நாள்ல ஒட்டிக் காயவெச்சுக் குடுத்துடுவேன். ரெண்டரை அடின்னா பதினஞ்சு வேணும்."

"பத்தொம்பது போட்டா?"

"மீன் தொட்டி கட்டுறீங்களா, அணை கட்டுறீங்களா?"

பத்தொன்பது எம்எம் வெளியிலிருந்து வர வேண்டுமாம். ஆறு வாரம்.

உள்ளே அவள் சிரிப்பது கேட்டது. "அவருக்கு நான் வெச்ச பேரே அஞ்சு கயிறு. ஒரு கயிறு தாங்குற லிஃப்டுக்கு அஞ்சு கயிறு மாட்டுற ஆளு!"

சிரிக்கட்டும். இருபத்தெட்டு வருடம் லிஃப்ட் இன்ஸ்பெக்டர் வேலை பார்த்தேன். ஒன்றுகூட விழுந்ததில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மகள் வந்தாள். மத்தியானம் நான் உள்ளே போனபோது எதிர்ச் சுவரில் மஞ்சள் டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். அம்மா படுத்தபடியே உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள்: "அதான், அங்கதான். இதுக்கு மேல தண்ணி வேண்டாம்."

அளந்தேன். மேசையிலிருந்து சரியாக ஒன்றரை அடி.

"என்ன இவ்வளவு குட்டையா?" என்றேன்.

"எனக்கு இது போதுங்க. இதுக்கு மேல இருந்து எனக்கு என்ன பிரயோஜனம்—"

சுருக்கென்றது. "விரக்தியா பேசாதே" என்று வாயை அடைத்துவிட்டேன். அவள் எல்லாவற்றுக்கும் போதும்தான் சொல்கிறாள். சாப்பாடு போதும், மருந்து போதும், நீங்க முழிச்சிருந்தது போதும். எனக்குத் தெரியாதா இவளை? எனக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். அந்த டேப் என் மார்பு உயரத்துக்குத்தான் வருகிறது. ஆறடிச் சுவரில் பார்க்கவே சகிக்காது.

மார்ச் 11, செவ்வாய்

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முதுகெலும்பிலிருந்த புற்று நுரையீரலுக்கும் பரவிவிட்டதாம். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வரும் வழியிலேயே கண்ணாடிக் கடை. பத்தொன்பதுக்குச் சொல்லிவிட்டேன்.

தொட்டி உடைந்தால் நான் ஓடிவிடுவேன், மகள் ஓடிவிடுவாள். அந்த அறையில் எழுந்து ஓட முடியாதவள் ஒருத்திதான். அவள் தலைமாட்டில் மின்சாரத்தில் ஓடும் மூச்சு மெஷின் வேறு. மகள் போனில் கத்துகிறாள்: "நீங்க புடிச்ச முயலுக்கு மூணே கால்தான்ப்பா!" கத்தட்டும்.

மார்ச் 20, வியாழன்

"கண்ணாடி வந்துச்சா?"

இல்லை.

மார்ச் 29, சனி

கண்ணாடிக்காரர் போன் செய்தார். பக்கத்து ஊரில் பதினைந்து எம்எம் இருக்கிறதாம், ஒரு வாரத்தில் முடித்துவிடலாமாம். வேண்டாம், பத்தொன்பதே வரட்டும் என்றேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஒரு கிண்ணத்துல ரெண்டு தங்க மீன் விட்டாலும் எனக்கு சந்தோஷம்தான்."

"கிண்ணமா? இன்னும் மூணு வாரம்தானே, பொறு."

சவரக் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு, "சரி" என்றாள்.

ஏப்ரல் 7, திங்கள்

மூச்சு இழுக்கிறது. இன்று கண்ணாடி வந்துச்சா என்று கேட்கவில்லை. நானாகவே சொன்னேன், கப்பல் ஏறிவிட்டதாம் என்று. என் கையைத் தட்டிக்கொடுத்தாள். அவள் எனக்கு!

ஏப்ரல் 9, புதன்

காலை பத்தே கால். போயிட்டா.

ஏப்ரல் 22, செவ்வாய்

இன்று கண்ணாடி வந்தது. சொன்ன தேதி தவறவில்லை. நான்கு பேர் மூச்சுத் திணறத் தூக்கி வந்து கூடத்தில் சாய்த்துவிட்டுப் போனார்கள். நல்ல கண்ணாடி. ஓரத்தில் கடல் பச்சை.

ஒரு பக்கத்தைத் தாங்கிப் பிடித்ததில் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கிட்ட இருந்தது அவள் கட்டில்தான். அதில் மல்லாந்து படுத்தேன். முதல் தடவை.

சவரக் கண்ணாடியில் எதிர்ச் சுவர் தெரிந்தது. கீழே மேசையின் விளிம்பு. மேலே மஞ்சள் டேப். அத்தோடு முடிந்தது. டேப்புக்கு மேல் ஒரு விரல்கடை சுவர்கூட இல்லை. தலையை அசைத்துப் பார்த்தேன். பிறகு அவளால் அசைக்க முடியாதே என்று நினைவு வந்து அசைக்காமல் பார்த்தேன்.

பிரயோஜனம் இல்லை என்றது இதைத்தான். விரக்தி இல்லை, அளவு! அளவுதான் சொல்லியிருக்கா. முழுசா சொல்ல விட்டேனா நான்?

அடப்பாவி, ஒவ்வொரு லிஃப்டுலயும் ஏறி இறங்கிப் பாத்துட்டுத்தானே கையெழுத்துப் போடுவ? இந்தக் கட்டில்ல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை படுத்துப் பாத்தியா?

பதினோராம் தேதி பன்னிரண்டு எம்எம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருபத்தொன்றாம் தேதி தொட்டி வந்திருக்கும். விரல் விட்டு எண்ணினேன். பத்தொன்பது நாள் மீன் பார்த்திருப்பாள்.

ஏப்ரல் 23, புதன்

மகளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "அம்மா சொன்ன இடத்துல ஒட்டுனேன்ப்பா, எனக்கும் தோணலையே" என்று போனிலேயே அழுதாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மே 18, ஞாயிறு

பன்னிரண்டு எம்எம். ஆறடி நீளம், நீர்மட்டம் டேப் வரைக்கும். கண்ணாடிக்காரர் நேற்றே கொண்டுவந்து மேசையில் ஏற்றிவிட்டார். கூடத்தில் நிற்கும் பத்தொன்பதைக் காட்டி, "இதை என்ன சார் பண்றது?" என்றார். தெரியலை என்றேன். அவரும் வற்புறுத்தவில்லை.

காலையில் மகள் வந்தாள், இரண்டு தங்க மீன்களோடு. குழாயை அவளிடம் கொடுத்துவிட்டு நான் கட்டிலில் போய்ப் படுத்தேன். தலையை அசைக்கவில்லை.

தண்ணீர் மெதுவாக ஏறியது.

"இன்னும் விடவா அப்பா?"

"கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... போதும், போதும்."